கறுத்த மூடியில் மூன்று குறி

எங்கள் வீட்டுக் காருக்கு ஐப்பசி பிறந்தால் ஈளை வந்துவிடும். காலையில் அண்ணை முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றச் சுற்ற அது இருமும், செருமும், உடம்பை ஒரு தரம் உலுக்கும், பிறகு ஓய்ந்துவிடும். வெயில் ஏறி முற்றம் காய்ந்த பிறகு போய்ச் சுற்றினால், நேற்றுத்தான் கப்பலில் வந்திறங்கிய மாதிரி முதற் சுற்றிலேயே பிடிக்கும். அண்ணை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கச்சேரி மத்தியானத்தில் தொடங்குவதில்லை என்பதுதான் எங்கள் கரைச்சல்.

பளையில் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து இளைப்பாறிய கையோடு அதை வாங்கினார். அப்போதே அதற்கு வயது போய்விட்டது. மேலே கன்வஸ் கூரை. இயந்திரம் இரும்பு மாதிரி. ஆனால் வயர் எல்லாம் நரம்புத் தளர்ச்சி. மருதனார்மடச் சந்தியில் இடப்பக்கம் திருப்பினால் ஹோண் தானாக அலறும். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற பெண்கள் எங்கள் காரைத் தூரத்தில் கண்டதுமே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு விளக்கு பள்ளத்தில் விழுந்தால் எரியும், அடுத்த பள்ளத்தில் அணையும்.

இந்த வருத்தங்களுக்கு வைத்தியம் பார்த்தது பெரும்பாலும் நான்தான். பெண்பிள்ளைகள் பாடசாலையில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் எங்கே புறப்பட்டு எந்த வழியால் போய் எப்படித் திரும்பி வரும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவளுக்கு, அதையே ஒரு காரில் தேடிப் பிடிப்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. ஸ்ரியறிங் குழாய்க்குள் ஹோண் வயர் உரசித் தோல் உரிந்திருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். விளக்கின் அடியில் துரு ஏறியிருப்பதையும் நான்தான் சுரண்டி எடுத்தேன். என்னைப் பெண்பார்க்க வந்த ஒரு பகுதியார், என் நகக்கண்ணில் கிறீஸ் இருப்பதைக் கண்டு பலகாரத்தைக் கூடத் தொடாமல் போனார்கள். எனக்கு அதில் கவலை இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது, அந்தத் தலைக்கனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

எங்கள் வீட்டில் அம்மா இல்லை. அப்பா, அண்ணை, நான், அண்ணையின் மனைவி, இவ்வளவு பேர்தான். மச்சாள் மீசாலைப் பக்கம் தோட்டம் செய்கிற ஒரு சைவக் குடும்பத்துப் பெண். வயதில் என்னிலும் இளையவள், முறையில் மூத்தவள், அதனால் ஒருவரை ஒருவர் ‘நீங்கள்’ என்றுதான் கதைப்போம். கலியாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தலையில் தண்ணீர் தெளித்ததோடு நெற்றியில் இருந்ததெல்லாம் அழிந்துபோய்விட்டது என்று அப்பா மனதார நம்பினார். மச்சாளும் ஞாயிறு தவறாமல் எங்களோடு தேவாலயத்துக்கு வந்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல், எல்லாவற்றையும் பாடினாள். கெட்டிக்காரி, நல்லவள், என்னைச் சிரிக்க வைக்கிறவள். அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

காரின் ஈளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பற்றரி சரியாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினோம். நெருப்புப்பொறியை நாலு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிட்டு அனுப்புகிற கறுத்த மூடி ஒன்று என்ஜின் பக்கத்தில் உண்டு, பொறியை உண்டாக்கும் கொயிலில் இருந்து வரும் தடித்த வயர் அதன் உச்சியில் இறங்கும். அந்த வயரைப் பிடுங்கி இரும்புக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், நீலமாக, ‘சடக்’ என்று நல்ல பொறி பாயும். மூடியின் கவ்விகளைத் தள்ளிக் கொஞ்சம் தூக்கி உள்ளேயும் துடைத்துப் பார்த்தோம். வயர்கள் இழுத்துப் பிடிப்பதால் அது ஒரு சாணுக்கு மேல் வெளியே வராது. உள்ளே கண்ணாடி மாதிரிச் சுத்தம். பட்டணத்தில் இருந்து கார் திருத்துகிற கராச்சுக்காரர் வருவார், அவர் வந்து சேர மத்தியானமாகும், மத்தியானத்தில் கார் சிரித்துக்கொண்டு பிடிக்கும். “இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா, நீங்கள்தான் வீணாப் பயப்பிடுறியள்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

“புதுக் கொயில் ஒண்டு போட்டால் சரிவரும், அடுத்த மாசம் பாப்பம்” என்று அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் என்பது எங்கள் வீட்டில் வராத மாதம்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை. இரவு முழுக்க மழை. வானம் வெளுக்கும் நேரத்தில் மச்சாளின் சித்தப்பா, சைக்கிளில் நனைந்து தோய்ந்து வந்து வாசற் படலையில் நின்றார். உள்ளே வரவும் இல்லை.

“பிள்ளை, கொம்மாவுக்குக் கடுமை. உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறா. சுணங்காமல் வா” என்றார். சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், வந்த வழியே சைக்கிளைத் திருப்பினார்.

மச்சாள் ஒரு சேலையை மடித்துப் பன்புல் பையில் வைத்துக்கொண்டு, நாங்கள் சொல்லுமுன்னமே போய்க் காரின் பின் ஆசனத்தில் ஏறி இருந்துவிட்டாள். அழவில்லை. கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள்.

“சந்தியிலை வாடகைக் கார் ஏதும் நிக்கும். ஆளை அனுப்பு மகன்” என்றார் அப்பா.

“இந்த மழைக்குள்ளை வாடகைக் கார் தேடிப்பிடிக்கிற நேரத்துக்கு இதை எடுத்துப்போடலாம் அப்பா” என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்தக் காரின் குணம் என்னைவிட யாருக்குத் தெரியும்? மழைக்காலைக்கு அது பிடிக்காது என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இதுதான்: “ஓம், கொஞ்ச நேரத்திலை பிடிக்க வைச்சிடலாம். பற்றரி நல்லாக் கிடக்கு.” அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில், இன்றைக்காவது இந்தப் பிழையைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எழும்பி நின்றது. ஒரு தாய் சாகக்கிடக்கிறாள், அவளுடைய மகள் பின்னால் இருக்கிறாள், எனக்கு அது ஒரு கணக்காக இருந்தது.

அண்ணை சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார். செருமியது. பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கிப் போட்டோம். பிடிக்கவில்லை. வயரைப் பிடித்துப் பார்த்தேன், நீலப்பொறி பாய்ந்தது. ‘இன்னும் ஒருக்கால்’, ‘இன்னும் ஒருக்கால்’ என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பா குடையோடு வந்து, பொனற்றின் மீது கையை வைத்து, கண்ணை மூடிச் செபம் பண்ணினார். மச்சாள் பின்னால் இருந்து ‘ஆமென்’ என்றாள். 

கடைசியில் என் புத்தி வேலை செய்தது. பொறி மூடிக்கு வருகிறது, மூடியில் இருந்து பிளக்குக்குப் போகவில்லை, உள்ளே சுத்தம். அப்படியானால் வெளியே. மூடியின் முதுகுப்புறம் என்ஜினைப் பார்த்தபடி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓடிப்போய் என் முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, இடுக்குக்குள் சரித்துப் பிடித்தேன்.

கண்ணாடிக்குள் மூன்று திருநீற்றுக் குறி தெரிந்தது.

கறுத்த மூடியின் முதுகில், ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை, வயர் இறங்கும் குமிழ்களுக்கு ஊடாக, மூன்று விரலால் இழுத்த குறி. நடுவில் சந்தனம், அதற்கு மேல் ஒரு குங்குமப் பொட்டு. பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு. வாடின பூவிதழ் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரவு மழை ஈரத்தில் எல்லாம் ஊறிப்போய்ப் பளபளத்தது. காய்ந்த சாம்பல் ஒன்றும் செய்யாது. ஈரம் குடித்த சாம்பல் மின்சாரத்துக்கு நல்ல பாதை. பிளக்குக்குப் போக வேண்டிய பொறியெல்லாம் அந்தக் குறிகளின் வழியே வழிந்து இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். யார் பூசினது என்று ஒரு கணமும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டிக்கும் கிணற்றுத் துலாவுக்கும் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிற வீட்டில் பிறந்தவள் எங்களில் ஒருத்திதான். காருக்கு ஈளை தொடங்கியதும் அவள் வந்த வருடத்து மாரியில்தான். எங்கள் வீட்டிலே தேடினாலும் அதைவிடச் சிவலிங்கத்துக்குக் கிட்டின சாமான் கிடையாது: கறுப்பு, உருண்டை, குமிழ்த் தலை. யார் கண்ணிலும் படாமல், கையை வளைத்து, தடவித் தடவி, புருஷன் ஏறிப்போகிற வாகனத்துக்குக் காவல் வைத்திருக்கிறாள்.

“என்ன பிள்ளை, ஏதும் கண்டியோ?” என்று அப்பா குனிந்தார்.

“ஈரம் அப்பா. வெறும் ஈரம்” என்றேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி உள்ளே விட்டு, குறியையும் சந்தனத்தையும் பொட்டையும் அழுத்தித் துடைத்தேன். தலைப்பைக் கைக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டேன். அண்ணை ஒரு சுற்றுத்தான் சுற்றினார். கார் பிடித்தது.

கோப்பாய், கைதடி என்று வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினோம். என்ஜின் ஒரு தரமும் இருமவில்லை. மச்சாளின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சைக்கிளில் திரும்பிய சித்தப்பா எங்களுக்கு முன்னமே அங்கே நின்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் சிலர் உள்ளே போவது தெரிந்தது.

“நான் வந்து சேரேக்கை சீவன் இருந்தது பிள்ளை” என்றார் அவர். “படலையைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தா. கடைசிப் பால் பருக்க உன்னைத் தேடினவ. இப்பதான்.”

சைக்கிள் முந்திவிட்டது. கார் பிந்திவிட்டது. மச்சாள் ஓடிப்போய்த் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் சூடு போகேல்லை, இன்னும் சூடு போகேல்லை” என்று அலறியதை என்னால் மறக்க முடியவில்லை. சேலைத் தலைப்பு என் கைக்குள் ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளி. அண்ணை, “ஒரு கொயில் போட்டிருந்தால் நீர் மாமியின்ரை முகத்தைப் பாத்திருப்பீர், நான்தான் பாவி” என்று மச்சாளிடம் சொல்லிச் சொல்லி உருகினார். அடுத்த வாரமே புதுக் கொயில் வாங்கிப் பூட்டினார். அப்பா, வாடகைக் காருக்குத் தான் வற்புறுத்தி ஆளனுப்பவில்லையே என்று முணுமுணுத்தார். மச்சாள் என்னிடம் மட்டும், கிணற்றடியில் ஒருநாள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நான் சமயம் மாறினது ஆத்தைக்குப் பிடிக்கேல்லை மச்சாள். அதுதான் முகம் காட்டாமல் போட்டா.”

அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், தாய் கோபித்துக்கொண்டு போகவில்லை, உன் கைதான் உன்னை மறித்தது என்றல்லவா சொல்ல வேண்டும்? சொன்னால் அவளுக்கு அந்தக் கை எப்போதும் சுடும். சொல்லாவிட்டால் அண்ணை தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடினது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அண்ணை ஒவ்வொரு முறை நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போதும், ஒரு அப்பாவி அடிவாங்க நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணத்தில் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த வருடத்து நவராத்திரியில் நான் காரைக் காவல் காத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தாய் செத்து ஆண்டுத் திவசம் முடியவில்லை, அந்த வருடத்தில் கொண்டாட்டம் கூடாது என்பது அவர்கள் முறை. அது எனக்கு அப்போது புத்தியில் ஓடவில்லை, அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அந்த மாரி முழுக்கக் கார் ஒரு நாளும் இருமவில்லை. புதுக் கொயிலின் புகழை அண்ணை கச்சேரி முழுக்கப் பரப்பினார்.

அதற்கும் அடுத்த வருடம், ஆயுத பூசையன்று பகல், அப்பா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், அண்ணை கார் இல்லாமல் இன்னொருவரோடு கச்சேரிக்குப் போய்விட்டார். நான் பின்வாசலில் பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மச்சாள் ஒரு சிறு கிண்ணத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கார்க் கொட்டிலுக்குப் போவது தெரிந்தது. கொப்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். பொனற் திறந்து கிடந்தது. அவள் கை உள்ளே வளைந்துகொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.  “மச்சாள், மாமாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றாள்.

அவளைத் தேற்ற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை. “ஐயோ, நான் ஏன் சொல்லப்போறன்? நல்லா வையுங்கோ” என்று சிரித்தேன். “உந்த மூடியிலை மட்டும் வேண்டாம். விளக்குக்குப் பின்னாலை வையுங்கோ, ஆரும் காணமாட்டினம்.”

மச்சாளும் சிரித்தாள். கையை வெளியே எடுத்தாள். விரலில் திருநீறு குழைத்தபடி இருந்தது. பிறகு அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

“நான் மூடியிலைதான் வைக்கிறனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

 பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். பொய் எத்தனையோ சொன்னவள்தான் நான், அந்த நேரத்தில் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் கெடுத்தது மற்றவளை.

“மூடியிலை வைச்சால் என்ன?” என்றாள். பிறகு எனக்குக் கேட்டும் கேளாமலும், தானே கணக்குப் பார்த்தாள். “போன முறை ஆத்தையின்ரை வருசமெண்டு நான் வைக்கேல்லை. போன மாரிக்குக் கார் இருமேல்லை.” விரலைப் பார்த்தாள். “அண்டைக்கு நீங்கள் கண்ணாடி கொண்டுவந்தனியள்.”

“மச்சாள்...”

“துடைச்சது நீங்களோ?”

“ஓம்” என்றேன்.

அவள் அழுதிருந்தால் நான் கட்டிப்பிடித்திருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே நின்றாள். நான் கொட்டிலுக்குள் நின்று அதைப் பார்த்தேன். போய் அந்தக் கையைப் பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அண்ணை வழக்கம்போல், ஆண்டு இரண்டாகப் போகிறது, அந்தக் காலை நேரம் தன்னால்தான் என்று தொடங்கினார். மச்சாள் அவருக்குச் சோறு போட்டபடி, “உங்கடை பிழை ஒண்டுமில்லை. உண்மையாத்தான் சொல்லுறன். இனி அதைக் கதைக்காதேங்கோ” என்றாள். அண்ணை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. தனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் நிம்மதியாக, நிறையச் சாப்பிட்டார். நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. காலை வேளைகளில் அண்ணை ஒரு சுற்றுச் சுற்றுவார், கார் பிடிக்கும். “இஞ்சரும், வந்து பாரும், ஒரே சுத்திலை!” என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவார். மச்சாள் வரமாட்டாள். கார் படலை தாண்டும் வரைக்கும் குசினிப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அண்ணையிடம் அந்தக் காரை விற்றுவிடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். “இப்பதானே நல்லா ஓடுது. நல்லா ஓடுற காரை ஆர் விப்பினம்?” என்று சிரித்தார்.

இவ்வளவு காலையில் அப்படி என்னத்தை இடிக்கிறாள் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். உரலுக்குள் ஒன்றும் இருக்கவில்லை.